வடக்கன்குளம் கோயிலின் நடுச்சுவர்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





"சங்கத்துக் கூட்டத்தில் கோயில் கதை எதற்கு? கூலி, குடியிருப்பு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் படிப்பு, இவற்றைப் பேசவே நேரம் போதவில்லையே" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் சங்கம் எந்த ஒரு மதத்துக்கும் உரிய சங்கமன்று. சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பவர்களும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்பவர்களும், ஐந்து வேளை தொழுகிறவர்களும், எந்தச் சாமியும் வேண்டாம் என்று கருஞ்சட்டை அணிந்தவர்களும் இதே பாயில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். ஆயினும் ஒரு கிறித்தவச் சபையின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த வரலாறு வேதத்தைப் பற்றியது என்பதைவிட, சாதியைப் பற்றியது என்பதே பொருந்தும். அது நடந்த இடம் நம் நெல்லைச் சீமை. அதில் சுவர் எழுப்பியவர்களும் நம் ஆட்கள். சுவரை இடிக்கச் சொன்னவர்களும் நம் ஆட்கள்.

இந்த மும்பையில், தாராவியில், நம் முன்னோர் வந்து குடியேறத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நெல்லையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊரில் நிலம் இல்லை, மழை இல்லை, மதிப்பும் இல்லை என்று கிளம்பியவர்கள் அவர்கள். அப்படிக் கிளம்பியவர்களின் மூட்டைக்குள் பாயும் பாத்திரமும் மட்டுமா இருந்தன? சாதியும் சேர்ந்தே இருந்தது. அந்த மூட்டையை இன்று அவிழ்த்துப் பார்ப்பதற்கு வடக்கன்குளத்தின் கதை நமக்கு உதவும்.

ஊரும் சபையும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில் இருக்கிறது வடக்கன்குளம். பனையும் உடைமரமும் காற்றும் நிறைந்த வறண்ட பூமி. இன்று நாகர்கோவிலுக்கு இரயிலில் போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைப் பார்த்திருப்பார்கள். அருகில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. பழைய நாளில் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் அரசரின் ஆட்சி. இந்தப் பக்கம் வேறு ஆட்சி. இந்த எல்லைதான் பிற்காலத்தில் அந்த ஊருக்கு ஒரு பெருமையைத் தேடித் தந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

அங்கே கத்தோலிக்கச் சபை தோன்றியது மதுரை மிஷன் என்று சொல்லப்படும் இயேசு சபைக் குருக்களின் பணியால். 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி என்பவர்தான் அந்தப் பணிக்கு ஒரு புதிய வழியை வகுத்தவர். தத்துவபோதகர் என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்டார். காவி உடுத்தினார். தமிழும் வடமொழியும் கற்றார். மதுரையில் அவருக்கு முன்பே கடற்கரைப் பரவர்களுக்கென்று ஒரு கோயில் இருந்தது. அதில் அவர் சேரவில்லை. தமக்கெனத் தனியிடம் அமைத்துக்கொண்டார். கிறித்தவத்தைப் "பறங்கி மார்க்கம்" என்று மேல்சாதியார் இகழ்ந்த காலம் அது. "கிறித்தவனாவதற்குச் சாதியை விடவேண்டியதில்லை, குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கங்கள்தாம், வேதத்துக்கு விரோதமானவை அல்ல" என்பது அவர் எடுத்த நிலை.

அவருடைய தமிழ்ப் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் உரைநடைக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆனால் அவர் எடுத்த அந்த நிலையின் விளைவு என்ன? மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குரு, தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு வகைக் குரு என்று பிரிந்தது. மேல்சாதியாரிடையே பணி செய்த குரு, பறையர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஆயிற்று. நோயில் கிடப்பவனுக்குக்கூட வீடு தேடிப் போய்ச் சடங்கு செய்வதில்லை. இந்தச் செய்தி ரோமாபுரி வரைக்கும் எட்டியது. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர், 1704-இல் "நோயுற்ற பறையரின் வீட்டுக்கும் குரு போகவேண்டும்" என்று ஆணையிட்டார். அதை எதிர்த்தும் ஆதரித்தும் 40 ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவான ஆணையை வெளியிட்டார். அதற்குப் பிறகும் என்ன செய்தார்கள்? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கினார்கள். ஆணையையும் மீறவில்லை, சாதியையும் மீறவில்லை.

தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சாவு வீட்டுக்குள் நுழைவதா கூடாதா என்பதற்கு 40 ஆண்டு வாதம்! வடக்கன்குளத்துச் சபை பிறந்து வளர்ந்த காலம் இதுதான். பின்னாளில் அங்கே எழுந்த சுவரின் அடிக்கல் அப்போதே போடப்பட்டுவிட்டது.

எல்லை தாண்டி வந்த ஒருவர்

இப்போது அந்த எல்லைக்கு வருவோம். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாய், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் அதிகாரியானார். அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை அவரோடு பழகினார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் அவர்; மேல்சாதிக் குடும்பம்; நல்ல பதவி. கிறித்தவராக வேண்டும் என்று அவருக்கு விருப்பம் வந்தது. திருவிதாங்கூர் எல்லைக்குள் அது நடக்கக்கூடியதாக இல்லை. தெலனாய் அவரைக் கணவாய்க்கு இந்தப் பக்கம், வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1745-இல் அங்கே ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்பதன் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்ற பெயரைப் பெற்றார்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். சாதி வேற்றுமை பாராமல் எல்லோரும் சமம் என்று அவர் வலியுறுத்தினார் என்றும், அது மேல்சாதியாரின் பகையைத் தேடித் தந்தது என்றும் திருச்சபையே அவரைப் பற்றிய குறிப்பில் சொல்கிறது. 1749-இல் கைதானார். மூன்று ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் திருவிதாங்கூரை விட்டு வந்து வடக்கன்குளத்தில் தங்கி, அங்கேயே காலமானார்.

சொந்த ஊரில் இருக்க முடியாதவர்களுக்கு வடக்கன்குளத்துச் சபை அன்று இடம் கொடுத்தது. புகலிடம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாதர் இரயில் நிலையத்தில் வந்து இறங்கிய முதல் இரவில் யாரோ ஒரு ஊர்க்காரர் பாயை விரித்து இடம் கொடுத்தாரே, அதன் அருமை நமக்குத் தெரியும். ஆகவே அந்தச் சபையின் பெருமையைப் பெருமையாகவே சொல்கிறோம். சாதியை மறுத்ததற்காக உயிரைக் கொடுத்த ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அந்த ஊரிலேதான் 1872-இல் சுவர் எழுந்தது. எப்படி என்று கேட்க வேண்டாமா?

சுவர் வந்த விதம்

1773-இல் இயேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டார். குருக்கள் குறைந்துபோனார்கள். 1838-இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனை மீண்டும் தொடங்கும்வரை, தென்பாண்டிச் சீமையின் பல சபைகளைக் காப்பாற்றி வைத்தவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். குரு இல்லாத ஊரில் செபம் சொல்லிக் கொடுத்ததும், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியதும், இறந்தவனைப் புதைத்ததும் அவர்களே. அந்தத் தொண்டை மறக்கக்கூடாது. ஆனால் கோயிலின் சாவி யார் கையில் இருந்ததோ, கோயிலின் மரியாதையும் அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. திருவிழாவில் முதல் மரியாதை, பாடற்குழுவில் இடம், பீடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமை, இவையெல்லாம் பரம்பரைச் சொத்துப்போல ஆயின. வடக்கன்குளத்தில் அந்த நிலையில் இருந்தவர்கள் வேளாளர்கள்.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. பனையேறிப் பிழைத்த நாடார் சமூகம் தலைநிமிரத் தொடங்கியது. பனையேற்றம் எப்படிப்பட்ட வேலை என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பருவ காலத்தில் நாள்தோறும் பல பத்து மரங்கள் ஏறி இறங்கி, நெஞ்சும் முழங்காலும் காய்த்துப்போகும் உழைப்பு. அந்த உழைப்பாளியைக் கோயிலுக்குள் விடாமல், தெருவில் நடக்கவிடாமல், அவன் வீட்டுப் பெண்ணை மார்பை மறைத்து மேலாடை அணியவிடாமல் வைத்திருந்தார்கள். திருவிதாங்கூரில் 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859-இல் அரசர் பிறப்பித்த ஆணையோடு ஒரு கட்டத்தை எட்டியது. பள்ளிக்கூடம், வணிகம், கருப்பட்டிச் சந்தை என்று நாடார்கள் முன்னேறினார்கள். வடக்கன்குளத்துச் சபையிலும் அவர்கள் பெருகினார்கள். "நாங்களும் இந்தக் கோயிலுக்கு உரியவர்கள்தாமே? எங்களுக்கு ஏன் பின்வரிசை?" என்று கேட்டார்கள்.

குருக்களுக்குச் சங்கடம். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் வெளியேறிவிடும் என்ற அச்சம். நெல்லைச் சீமையில் சீர்திருத்தச் சபைகள் ஊருக்கு ஊர் பள்ளியும் கோயிலும் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே மனம் கசந்தவன் அங்கே போவான். சீர்திருத்தச் சபைகளிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதியை உடனே முற்றாகக் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறித்தவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். அதைப் பார்த்தவர்கள் வடக்கன்குளத்தில் என்ன முடிவு செய்தார்கள்? கோயிலையே இரண்டாக்குவது என்று!

1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோயில் இன்றும் நிற்கிறது. உலகத்தில் கோயில்கள் சிலுவை வடிவில் உண்டு, வட்டமாக உண்டு, நீள்சதுரமாக உண்டு. இது கால்சட்டை வடிவில் கட்டிய கோயில். "கால்சட்டைக் கோயில்" என்றே பெயர் பெற்றது. பீடம் ஓரிடத்தில். அங்கிருந்து இரண்டு கால்கள் பிரிவதுபோல இரண்டு நீண்ட மண்டபங்கள். ஒன்றில் வேளாளரும் அவரோடு சேர்ந்த மேல்சாதியாரும். மற்றதில் நாடார்களும் மற்றவர்களும். இடையில் சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் பார்க்கலாம். இவரை அவர் பார்க்க முடியாது. அவரை இவர் பார்க்க முடியாது.

தாய்மார்களே, ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு அப்பால் பாட்டுச் சத்தம் கேட்கிறது. "அந்தப் பக்கம் யாரம்மா பாடுகிறார்கள்?" என்று குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஞாயிறுதோறும் குரு சொல்லும் பிரசங்கத்தைக் குழந்தை மறந்துவிடும். அந்தச் சுவரை மறக்காது. "பிதாவே" என்று ஒரே தகப்பனைக் கூப்பிடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்று ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்தச் சுவர் சொல்லிக்கொண்டே இருந்தது.

சுவர் விழுந்த விதம்

சுவர் தானாக விழவில்லை. நாடார் கிறித்தவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்கிறவர்கள் ஓயாதபோதுதான் அதிகாரத்தில் இருப்பவர்களில் ஒருவருக்காவது மனச்சான்று விழிக்கும். கௌசானல் அடிகளார் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு துணிந்தார். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது.

வேளாளத் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். "இந்தக் கோயிலில் எங்களுக்குத் தனியுரிமை உண்டு, சுவரை எடுத்தது செல்லாது" என்பது அவர்கள் வழக்கு. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் அது சென்னை உயர்நீதிமன்றம்வரை போயிற்று. 1917-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. கிறித்தவக் கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் அருமை தெரியவேண்டுமானால் இன்னொரு தீர்ப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1897-இல் இராமநாதபுரம் சீமையில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று வழக்கு வந்தது. அது இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1908-இல், நாடார்களுக்கு அந்தக் கோயிலுக்குள் நுழையும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதாவது, இந்துக் கோயிலுக்குள் நுழைய நாடாருக்கு உரிமை இல்லை என்று சட்டம் சொல்லி பத்து ஆண்டுகள் ஆவதற்குள், கிறித்தவக் கோயிலுக்குள் நாடாரைப் பிரித்து வைக்க வேளாளருக்கு உரிமை இல்லை என்று அதே சட்டம் சொல்லவேண்டி வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடாரும் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்கு 20 ஆண்டுகளுக்கு மேலாக முன்பே வடக்கன்குளத்துச் சுவர் போய்விட்டது. அந்த வகையில் அந்தச் சபை நம் எல்லோருக்கும் ஒரு வழியைக் காட்டியது.

சுவருக்கு வெளியே நின்றவர்கள்

கதையை இங்கேயே முடித்துவிட்டால் கைதட்டிவிட்டுப் போகலாம். அப்படி முடிப்பது நேர்மையாகாது. சுவரின் இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் சமமானார்கள், சரி. அந்த இரண்டு மண்டபத்திலும் தலைநிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் தமிழ்நாட்டுச் சபைகளில் இல்லையா? இருந்தார்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று இழித்துக் கூறப்பட்டு வேதத்தில் சேர்ந்த மக்கள் அவர்கள். நம் தாராவிக்குத் தோல் வேலைக்கு முதலில் வந்தவர்களிலும் அவர்களே மிகுதி.

இவர்களை இரண்டு பக்கமும் அடித்தார்கள். 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தைச் சேராத ஒருவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவர்களையும் இசுலாமியர்களையும் சேர்க்கவில்லை. "உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே" என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

சாதி இல்லையா? சென்னை எழும்பூரில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, ஆதிதிராவிடக் கிறித்தவர். அதே சாலையில் அதே தொழில் செய்த இந்துத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவருக்கு இல்லை என்றார்கள். உச்சநீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்று 1985-இல் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அதே வெயில், அதே ஊசி, அதே செருப்பு. ஒருவருக்கு நிழல் உண்டு, மற்றவருக்கு இல்லை.

நம்மைப்போலப் பிழைக்கப் போன தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. அந்தத் தனித்தொகுதியில் வென்ற ஒருவர் ஒரு காலத்தில் கிறித்தவராக இருந்தவர். ஆகவே அவர் பட்டியல் சாதியாரா என்ற கேள்வி இரண்டு முறை உச்சநீதிமன்றம் போயிற்று. 1976-ஆம் ஆண்டு அறிக்கைகளில் வெளியான இரண்டாம் தீர்ப்பு, மதம் மாறினாலே சாதி போய்விடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்றது. தென்னாட்டில் கிறித்தவர்களிடையேயும் சாதி இருப்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருப்பதை ஒப்புக்கொள்வார்கள், அதற்கு உரிய உதவியைக் கேட்டால் இல்லை என்பார்கள்.

சபைகள் மட்டும் என்ன செய்தன? 2008-இல் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்கு நடக்கும் ஒதுக்கலைப் பொறுக்க முடியாமல் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரமாயிற்று. காவல்துறை சுட்டதில் 2 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்துக் கட்டியிருந்த சுவரில் ஒரு பகுதியை அரசே இடித்து வழிவிட வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவர்கள் கிறித்தவர்கள் அல்லர். ஆகவே "இது அந்த மதத்தின் குற்றம், இந்த மதத்தின் குற்றம்" என்று யாரும் கையை நீட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், 1950 ஆணையின் அந்த மதத் தடையை நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2022-இல் ஒன்றிய அரசு இதே கேள்வியை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. ஆணையத்துக்கு மேல் ஆணையம்! செருப்புத் தைக்கும் தொழிலாளி சாலையோரத்திலேயே தலைமுறையைக் கடத்திவிட்டார்.

பெயரில் இருந்த சுவர்

வடக்கன்குளத்தின் கதையில் இன்னும் ஒரு செய்தி மீதி இருக்கிறது. தேவசகாயத்தை 2012-இல் முத்திப்பேறு பெற்றவர் என்று கத்தோலிக்கச் சபை அறிவித்தது. அப்போது அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை என்றே வழங்கியது. சாதியை எதிர்த்ததற்காக உயிர்விட்டவர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமா என்று நம் தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ரோமாபுரிக்கு விண்ணப்பம் போயிற்று. 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது "பிள்ளை" இல்லை. வெறும் தேவசகாயம். அவர் கண்ட சமத்துவம் அவர் பெயருக்கு வந்து சேர 270 ஆண்டுகள் பிடித்தன!

தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கவேண்டும் என்று தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் முழங்கியது. அந்தக் காற்று ரோமாபுரிவரை வீசியது என்று நாம் சொல்லிக்கொண்டால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

நமக்கு என்ன?

மும்பையில் நமக்குச் சுவர் கட்டச் செங்கல் தேவையில்லை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் தூங்குகிறோம். நடுவில் சுவருக்கு இடம் ஏது? ஆனாலும் சுவர் இருக்கிறது. சீட்டுப் பிடிக்கும்போது ஆளைச் சேர்ப்பதில் இருக்கிறது. குழாயடியில் குடத்தை வைக்கும் வரிசையில் இருக்கிறது. ஊர்ச் சங்கம் என்ற பெயரில் சாதிச் சங்கமாக நடக்கும் கூட்டங்களில் இருக்கிறது. கோயில் கொடைக்கு வரி பிரிக்கையில் யார் வீட்டில் வாங்குவது, யார் வீட்டில் வாங்காமல் விடுவது என்பதில் இருக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளைகளின் கல்யாணத்தில் இருக்கிறது. இந்த ஊரிலேயே பிறந்து, இந்தியும் மராத்தியும் பேசி, ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பினால், 1500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரிலிருந்து ஆள் வந்து மிரட்டுகிறான்.

வெளியே இருப்பவன் நம்மை என்னவென்று பார்க்கிறான்? 1960-களின் பிற்பகுதியில் இதே நகரத்தில் தென்னிந்தியர் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டபோது, உடைத்தவர்கள் கடைக்காரரின் சாதியைக் கேட்டுவிட்டு உடைக்கவில்லை. தமிழ்ப் பலகையைப் பார்த்தார்கள், கல்லை எறிந்தார்கள். குடிசையை இடிக்க வரும் வண்டியும் சாதி கேட்பதில்லை. அடி வாங்கும்போது தமிழர், ஆக்கிக் கொடுக்கும் சோற்றை வாங்கும்போது சாதியா?

ஆகவே நம் சங்கம் முன்வைப்பது இவைதாம். முதலாவது, சங்கத்தின் பதிவேட்டிலும் அழைப்பிதழிலும் எவர் பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று முடிவு செய்வோம். இரண்டாவது, சங்கம் நடத்தும் சீட்டிலும் உதவி நிதியிலும் சாவுச் செலவு நிதியிலும் வரிசைப்படி மட்டுமே கொடுப்போம். மூன்றாவது, நம்மில் யார் வீட்டுச் சாவானாலும் பாடை தூக்கச் சங்கத்து இளைஞர்கள் எல்லோரும் போவோம். கோயிலானாலும் சுடுகாடானாலும் கல்லறைத் தோட்டமானாலும் வாசலில் நின்று திரும்பமாட்டோம். நான்காவது, தலித் கிறித்தவர்களுக்கும் தலித் இசுலாமியர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கத்தின் கோரிக்கையாக ஏற்போம். இது கிறித்தவர்களின் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கக்கூடாது. ஐந்தாவது, சாதி கடந்து மணம் செய்ய முன்வரும் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கூடத்தைத் திறந்து வைப்போம்.

வடக்கன்குளத்தில் நாடார்கள் ஒரு தலைமுறை முழுக்கக் கேட்டுக் கேட்டுத்தான் சுவரை வீழ்த்தினார்கள். கேட்டவர்களில் எத்தனையோ பேர் சுவர் விழுவதைப் பார்க்காமலேயே கல்லறைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் கேட்பதை நிறுத்தியிருந்தால் இன்றும் அந்தச் சுவர் நின்றிருக்கும். அதே உரிமையை இன்று தலித் மக்கள் கேட்கும்போது, அன்று வேளாளர் இருந்த இடத்தில் நாம் யாரும் போய் நிற்கக்கூடாது. இதைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் திருநெல்வேலியிலிருந்து ஒரு பேருந்து ஏறி வடக்கன்குளம் போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இரண்டு கால்களாகப் பிரிந்து நிற்கும் அந்தக் கோயிலைக் காட்டுங்கள். சுவர் இருந்த இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்த பிறகு, மேலே சொன்ன ஐந்தையும் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றக் குடும்பத்தோடு வந்து கை தூக்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.